சிஸ்டர், உங்க மாமியார் வர்றாங்க

"மாமியார்" என்ற பெயர் அந்தப் பெண்ணின் காதில் முதன்முதலாக விழுந்தது, அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு வெகுநாள் முன்னால். அப்போது அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. எந்தக் கதவைத் தள்ள வேண்டும், எந்தக் கதவை இழுக்க வேண்டும் என்பதுகூடப் பிடிபடாத சமயம். வாசலில் துணி வண்டியோடு நின்றிருந்த வார்டு உதவியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமியார் வர்றாங்க, மாமியார் வர்றாங்க" என்று ஒரு குரல் விட்டார். அவ்வளவுதான். மூலைக்கு ஒருவராக நின்ற அத்தனை பேரும் பக்கத்துக் கட்டிலில் தொங்கிய சானிடைசர் புட்டியை அழுத்திக் கையைப் பரபரவென்று தேய்த்தார்கள். புதுப்பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருடைய மாமியார், அவர் வந்தால் இவர்கள் எதற்குக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஒருவேளை எல்லாருக்கும் சாப்பாடு கொண்டுவருகிறாரோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வந்தவர் வெறுங்கையோடுதான் வந்தார். நெடுநெடுவென்று உயரம், இடது முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிற நடை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. அவர்தான் அந்த ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்பு சிஸ்டர். ஒரு வியாதியோடு உள்ளே வந்தவர் இங்கே இன்னொரு வியாதியை வாங்கிக்கொண்டு வெளியே போகாமல் பார்ப்பது அவர் வேலை. அதற்காக வார்டு வார்டாகப் போய்ச் சுவரோரம் நிற்பார். யார் எதைத் தொட்டார்கள், தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்தார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். குரலை உயர்த்த மாட்டார். "அந்தக் கட்டில்ல இருந்த, இப்ப இந்தக் கட்டிலுக்கு வந்துட்ட. நடுவுல கை எங்கம்மா போச்சு?" என்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். அப்படிக் கேட்கிற பெண்பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அந்த வேலையை அவர் கேட்டு வாங்கவில்லை. அறுவை சிகிச்சை வார்டில் ஓடியாடிக்கொண்டிருந்தவர், ஈரத் தரையில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். இனி ஓட முடியாது என்றதும், "சும்மா நின்னு பாக்குற வேலைதானே" என்று இதில் போட்டுவிட்டார்கள். பார்க்கிற வேலை என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? ஒரே குழாய் இருந்த வீட்டில் ஐந்து பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவர். மூத்தவள் தையல்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டாமவள் கடல் தாண்டிப் போனாள். நான்காமவள் பிள்ளைப்பேற்றில் போய்ச் சேர்ந்தாள். ஐந்தாவது இன்றைக்கும் இருக்கிறாள், அவளைப் பற்றி அப்புறம். அந்தக் குழாயடியில் யார் முதலில் வந்தது, யார் பாதியில் வாளியை நுழைத்தது என்று தீர்ப்புச் சொன்னது எப்போதும் மூன்றாமவள்தான். கட்டினவர் பஸ் கண்டக்டர், வாய் ஓயாத மனிதர். பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கப்புறம் மகன், ஆஸ்பத்திரி, இரண்டுதான் அவர் உலகம்.

இனி கதைக்கு வருவோம். வார்டில் சேர்ந்த பெண்ணுக்கு வரன் தேடினார்கள். அவள் பெரியம்மாவின் நாத்தனார் வழியில் ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சரக்குக் கப்பல் ஆபீஸில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதுகிறவன், கெட்ட பழக்கம் கிடையாது, ஒரே பிள்ளை. அம்மா போனில் சொன்னாள்:

"பையனோட அம்மா உங்க ஆஸ்பத்திரியிலதான் வேலையாம். கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாங்களாம். உனக்குத் தெரியுமாடி?"

"ஐயையோ, மாமியாரா?"

"என்னடி இது, இன்னும் பேச்சே முடியல, அதுக்குள்ள மாமியார்ங்கற!"

"அது இல்லம்மா, அவங்க பேரே மாமியார்."

"பேரே அதுவா? அப்ப சரியாப் போச்சு, புதுசா ஒண்ணும் ஆகப் போறதில்ல" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

கல்யாணம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பேருக்கு மாமியாராக இருந்தவர் இவளுக்கு நிஜத்துக்கு மாமியார் ஆனார். பயந்து பயந்துதான் அந்த வீட்டில் காலடி வைத்தாள். அங்கே பார்த்தால் நிலைமை தலைகீழ். செருப்பு ஒன்று வாசலில், இன்னொன்று கூடத்தில். அலமாரியைத் திறந்தால் துணி தலையில் விழும். யார் கையைக் கழுவினார்கள், கழுவவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. மருமகளே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"அத்தை, வீட்டுல நீங்க ஒண்ணுமே பாக்க மாட்டேங்கறீங்களே?"

"இங்க யாரு கழுத்துலயாவது ஊசி போட்டுக் குழாய் சொருகியிருக்கா? அங்க நாள்பூரா முறைச்சு முறைச்சு என் கண்ணே வலிக்குது. வீட்டுலயாவது கொஞ்சம் அழுக்கா இருந்துக்கறேன், விடு."

மருமகளுக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் வார்டில் ஒரு சிக்கல் வந்தது. வாசலில் நிற்கிற அந்த உதவியாளருக்கு எல்லாரும் வைத்த பெயர் சைரன். நல்ல மனிதர், வயதானவர், தொண்டை மட்டும் ஊரைக் கூட்டும். மருமகள் நிற்கிற இடத்தில் அவள் மாமியாரைப் பட்டப்பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? ஒரு நாள் தடுமாறினார், மறுநாள் அவரே வழி கண்டுபிடித்தார். நெடிய உருவம் வராந்தாவின் கோடியில் தெரிந்ததும், வாய் நிறைய மரியாதையோடு சொன்னார்:

"சிஸ்டர், உங்க மாமியார் வர்றாங்க!"

இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? ஒரு பெண்ணிடம் அவளுடைய மாமியார் வருவதைச் சொல்வது நல்ல பழக்கம்தானே. குரல் கேட்டதும் மருமகள் தலையைச் சரிசெய்துகொள்வாள். மற்றவர்கள் புட்டியை அழுத்துவார்கள். மாமியார் உள்ளே நுழையும்போது அத்தனை கைகளும் ஈரமாக மின்னிக்கொண்டிருக்கும். முன்பு சொன்ன "மாமியார் வர்றாங்க" கொஞ்சம் கமுக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இதை வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரியே சொல்லலாம். அவர் காதிலேயே விழட்டும், என்ன இப்போது?

விழுந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து சொல்லுவார்: "அந்த சைரன் எவ்வளவு நல்லவர் பாரு. நான் வர்றதை உனக்கு எவ்வளவு பிரியமாச் சொல்றாரு. இத்தனை வருஷமா என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட வார்டும்மா அது. நீ வந்தப்புறம் நானும் அவங்களுக்கு ஒரு சொந்தக்காரி மாதிரி ஆயிட்டேன்."

மருமகள் சிரித்து மழுப்பினாள். முதல் தடவை சொல்லாமல் விட்டது, அடுத்த தடவை சொல்ல முடியாததாகிவிட்டது. சொல்லவேண்டிய காரியங்கள் அப்படித்தான் கெட்டிப்பட்டுப் போகும்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் அந்த மாநாடு பற்றிய அறிவிப்பு வந்தது. ஆஸ்பத்திரிகளில் தொற்று வராமல் தடுக்கிறவர்கள் பல ஊர்களிலிருந்தும் ஒன்றுகூடும் மாநாடு. அதற்கு ஆய்வுச் சுருக்கங்கள் அனுப்பலாம், தேர்ந்தெடுத்தவற்றை மேடையிலோ சுவரொட்டியாகவோ வைப்பார்கள். பெரிய டாக்டர் மாமியாரைக் கூப்பிட்டு, "நீங்க இத்தனை நாளா எண்ணிக்கிட்டே இருக்கீங்களே சிஸ்டர், அதை ஒரு அப்ஸ்ட்ராக்ட்டா எழுதுங்க. உங்க பேரு முதல்ல வரட்டும். நீங்க ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அங்க போய் நிக்கணும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

மாமியாருக்கு ராத்தூக்கம் போயிற்று என்று சொன்னால் பொய், நன்றாகத்தான் தூங்கினார். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் அதே பேச்சு. எழுதுவதற்கு எத்தனை சட்டம்! இத்தனை வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தைகூடக் கூடாது. ஆஸ்பத்திரியின் பெயர் எங்கேயும் வரக்கூடாது, படித்துத் தேர்ந்தெடுப்பவருக்கு எந்த இடம் என்று தெரியவே கூடாது. ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம், அதனால் என்ன என்று நாலு பகுதி. "முடிவுகள் பின்னர் தெரிவிக்கப்படும்" என்ற சாக்கெல்லாம் செல்லாது.

மாமியார் தமிழில் சொல்லச் சொல்ல, மகன் இங்கிலீஷில் தட்டினான். கப்பல் ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகின கை. படித்துக் காட்டினான், மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, 'தங்கள் கவனத்திற்கு, மேற்படி கைகள் தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சிருக்கேன். சரிதானே?"

"டேய், கை என்ன கப்பல்ல வர்ற சரக்காடா? வார்த்தையை வீணாக்காத. எனக்கு அளந்துதான் குடுத்திருக்காங்க."

அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வருவோம். மாமியாரின் எண்ணிக்கைப்படி அந்த வார்டில் கை சுத்தம் அபாரம். அவர் பார்த்தவரை கிட்டத்தட்ட எல்லாக் கையும் எல்லா நேரமும் சுத்தம். ஆனால் கழுத்தில் மருந்துக் குழாய் சொருகியிருக்கும் நோயாளிகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிக் காய்ச்சல் வருவது துளியும் குறையவில்லை. அந்த வாரம்கூட ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், தேறி வீட்டுக்குப் போக இருந்தவர், திடீரென்று குளிர்ஜுரத்தில் கிடுகிடுவென்று நடுங்கினார். அவர் மனைவி வெளிப் பெஞ்சில் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமியாருக்கு அது தொண்டையில் மாட்டிய முள். கை சுத்தம், ஆனாலும் கிருமி. அப்படியானால் என்ன? குழாய்க்கு மேல் ஒட்டுகிற பிளாஸ்திரியிலா கோளாறு? யோசித்து யோசித்து கடைசிப் பகுதியை இப்படி எழுதச் சொன்னார்: "கை சுத்தம் முழுமையாக இருந்தும் இந்தத் தொற்று குறையவில்லை. ஆகவே கை சுத்தத்தை மட்டும் நம்பிப் பயனில்லை."

சுருக்கம் அனுப்ப இன்னும் நாள் இருந்தது. விடுமுறை நாள் காலை. மாமியார் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, மகன் தட்டியிருந்ததை மருமகளைப் படிக்கச் சொன்னார். அவள் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நின்றுவிட்டாள். அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஜன்னலோரக் கட்டில் ஞாபகம் வந்தது. காய்ச்சல் கண்டதற்கு முந்தின நாள், ஒரே சமயத்தில் இரண்டு கட்டில்களின் எச்சரிக்கை மணி அடிக்க, பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓடிப்போய் டிரைவரின் குழாயை அப்படியே தொட்டவள் அவள்தான். அவளால்தான் காய்ச்சல் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது.

"ஏம்மா நிறுத்திட்ட? எழுத்துப் பிழையா?"

"இது அச்சுல வந்தா என்ன அத்தை ஆகும்?"

"நாலு பேர் படிப்பாங்க. அவங்க ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லுவாங்க."

"கை கழுவுறதுல பிரயோஜனம் இல்லன்னு சொல்லுவாங்களா?"

"அப்படிச் சொல்லல. ஆனா..." மாமியார் யோசித்தார். "அப்படியும் எடுத்துப்பாங்க."

இதைச் சொன்னால் மாமியார் இனி இவள் முகத்தில் விழிப்பாரா? வார்டில் இவளோடு ஒருத்தர் பேசுவார்களா? இரண்டும் போய்விடும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

"அத்தை, நீங்க உள்ள வரும்போது சைரன் அண்ணன் சொல்றாருல்ல, 'சிஸ்டர், உங்க மாமியார் வர்றாங்க'ன்னு."

"ஆமா."

"அது எனக்குச் சொல்றது இல்ல அத்தை."

மாமியாரின் கையில் இருந்த பட்டாணித் தோல் பாதி பிரிந்தபடி நின்றது. இத்தனை வருஷம் யார் கை எங்கே போயிற்று என்று பார்த்த பெண்பிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆயிற்று. திட்டவில்லை, அழவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"நான் இல்லாதப்ப எப்படி?"

"அவசரத்துல பாதி விட்டுப்போகுது. யாரும் வேணும்னு பண்றதில்ல. ரெண்டு மணி ஒரே நேரத்துல அடிச்சா கால்தான் முதல்ல ஓடுது. நானும்தான் அத்தை. அந்த டிரைவர் கட்டில்ல நானும்தான்."

மாமியார் பட்டாணியைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, மாடி வாசலில் போய் நின்றார். மருமகள் பின்னாலேயே போனாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஏமாத்தினாங்களேன்னு இல்லம்மா. அதைக் கேக்கும்போது எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா? வேணும்னே சில நாள் ரெண்டு தடவை வந்திருக்கேன், அந்த ஒரு வார்த்தையைக் கேக்க."

அதைக் கேட்டுத்தான் மருமகள் அழுதாள்.

பகல் சாப்பாட்டுக்கு மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டு, "போச்சு, கை கழுவச் சொன்ன எங்கம்மாவையே எல்லாரும் கைகழுவிட்டாங்களா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மாமியார் சிரித்துவிட்டார். அவர் சிரித்தபிறகுதான் வீட்டில் சோறு இறங்கிற்று.

"இப்ப என்னம்மா பண்ணப் போற? அனுப்பாம விட்டுடறியா?"

"ஏன் விடணும்? எண்ணினது தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு எழுதலாம்ல?"

"நான் வேணா யாருக்கும் தெரியாம உள்ள இருந்தே எண்ணித் தர்றேன் அத்தை" என்றாள் மருமகள்.

"ஒண்ணும் வேணாம். உன்னை வேவு பாக்க வெச்சா, நாளைக்கு உனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க அந்த வார்டுல ஆள் இருக்காது. ஆளை எண்ண வேணாம். புட்டி இருக்கு."

அப்படித்தான் செய்தார். கட்டிலில் தொங்கும் சானிடைசர் புட்டியை மாட்டும்போது ஒரு தடவை, கழற்றும்போது ஒரு தடவை எடை போட்டார். புட்டிக்கு யாரும் குரல் கொடுத்துச் சொல்ல முடியாதே. அத்தனை நோயாளிக்கு, அத்தனை தடவை தொட்டதற்கு, எவ்வளவு மருந்து தீர்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், பாதிகூடத் தீரவில்லை.

அதை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போய், மருமகள் சொன்னதையும் சொன்னார். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நம்ம ஆஸ்பத்திரி மானம் போகாதா சிஸ்டர்?"

"ஆஸ்பத்திரி பேரே போடக் கூடாதுன்னுதானே டாக்டர் சட்டம்? பேரே இல்லாததுக்கு மானம் எப்படிப் போகும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, அனுப்புங்க. ஆனா உங்க மருமகளோட பேரையும் சேர்த்துத்தானே போடணும்? சொன்னது அவங்கதானே?"

"அவ பேரு வேணாம். நான் புட்டியைப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு இருக்கட்டும்."

இது மருமகளுக்குத் தெரிந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "புட்டி வந்து உங்ககிட்ட பேசுச்சா அத்தை? பொய்யைத் திருத்துறதுக்கு இன்னொரு பொய்யா? என் பேரைப் போடச் சொல்லுங்க" என்றாள். மாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வார்டுல உன்னைத் தின்னுடுவாங்கடி." அவள் மசியவில்லை. மாமியார் பெயர் முதலில், மருமகள் பெயர் இரண்டாவது, டாக்டர் பெயர் கடைசியில் என்று ஆயிற்று.

அனுப்புகிற அன்றைக்கு இன்னொரு கூத்து. சைரன் சொன்ன வாசகத்தை இங்கிலீஷில் எப்படிப் போடுவது? "பார்வையாளரின் வருகை குறித்த முன்னறிவிப்பு" என்று மகன் கப்பல் ஆபீஸ் பாணியில் எழுதினான். மாமியார் ஒப்பவில்லை. "அவர் அப்படியா சொன்னாரு? என்ன சொன்னாரோ அதைப் போடு." அதைப் போட்டால் வார்த்தை மிஞ்சிற்று. தலைப்பில் இரண்டைப் பிடுங்கி, வணக்கத்துக்குரிய, தாழ்மையுடன் போன்றவற்றையெல்லாம் எடுத்த பிறகுதான் மாமியார் வருவதற்கு இடம் கிடைத்தது.

பெரிய டாக்டர் பெருமை தாங்காமல் அனுப்பிய சுருக்கத்தை வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவர் நல்லது என்று நினைத்துத்தான் போட்டார். மறுநாள் மருமகள் உள்ளே நுழைந்ததும் வார்டு கப்சிப். சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் கூட வேலை பார்க்கிற ஒல்லி சிஸ்டர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். "உக்காருங்கடி எல்லாரும், அப்புறம் யாரு எத்தனை கவளம் தின்னாங்கன்னு மாநாட்டுக்குப் போயிடும்" என்றாள் போகிற போக்கில்.

சைரன் ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. ஒல்லி சிஸ்டர்தான் ஆரம்பித்து வைத்தாள். மருமகள் மருந்து கலக்கும்போது பின்னாலிருந்து சத்தமாக, "சிஸ்டர், உங்க மாமியார் வர்றாங்க!" என்றாள். திரும்பிப் பார்த்தால் யாரும் வரவில்லை. வார்டு முழுக்கச் சிரிப்பு. அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் கட்டிலுக்குப் போனால் ஒருத்தி கத்துவாள், தண்ணீர் குடித்தால் ஒருத்தன் கத்துவான். நாள் முழுக்க மாமியார் வந்துகொண்டே இருந்தார், ஆனால் வரவில்லை. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

சில வாரம் போனபிறகு, மாமியார் புட்டிகளை எடை போட்டுவிட்டுக் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க வார்டுல யாராவது சானிடைசரைக் கீழ கொட்டறாங்களா? நான் எழுதி அனுப்பினப்புறம் இப்படித் தீருது!"

"தெரியல அத்தை."

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? என்ன நடக்குது அங்க?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. "நொடிக்கொரு தரம் 'உங்க மாமியார் வர்றாங்க'ன்னு கத்தறாங்க அத்தை. நீங்க வேற எங்கயோ இருக்கீங்க. என்னைக் கேலி பண்ணவே கத்தறாங்க."

"கத்தும்போது என்ன பண்றாங்க?"

"சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். கையை என்ன பண்றாங்க?"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "தேய்க்கிறாங்க அத்தை. பழக்கதோஷம். சிரிச்சுக்கிட்டே எல்லாரும் புட்டியை அழுத்தறாங்க."

மாமியார் நாற்காலியில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் வார்டுக்குப் போனார். நேராக சைரன் முன்னால் நின்றார். "நீங்க ஏன் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல?" என்றார்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சிஸ்டர் சொல்றது? உங்களை நான்..." என்று அந்த மனிதர் தரையைப் பார்த்தார்.

"மத்தவங்க சொல்றது வராந்தா வரைக்கும் கேக்கல. உங்க தொண்டை வேணும். நான் வந்தாலும் சொல்லுங்க, வராட்டாலும் சொல்லுங்க. எந்த நேரத்துலன்னு எனக்கே தெரிய வேணாம்."

ஒல்லி சிஸ்டர் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் தன் டப்பாவை மருமகள் பக்கம் நகர்த்தி, "கோவமா இருந்தா எடுத்துக்காத. இல்லன்னா எடுத்துக்க" என்றாள். மருமகள் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு எடுத்துக்கொண்டாள். ஜன்னலோரக் கட்டில் டிரைவரும் தேறி, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மாநாட்டுக்காரர்கள் பதில் போட்டார்கள். மேடை கிடைக்கவில்லை, சுவரொட்டியாக வைக்கலாம். படித்துத் தேர்ந்தெடுத்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மகன் அதைப் படித்துத் தமிழில் சொன்னான்: "இந்தச் சுருக்கத்தில் வரும் மாமியார் உவமையா, அல்லது உண்மையான உறவா? தெளிவுபடுத்தவும்."

"ரெண்டும்னு எழுது" என்றார் மாமியார்.

மாநாட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். பெரிய கூடம், வரிசை வரிசையாகத் தட்டிகள், காகிதக் கோப்பையில் தேநீர். புதுச் செருப்பு கடித்ததால் மாமியார் அதைக் கழற்றித் தட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். முதலில் யாரும் நிற்கவில்லை. எதிர்த் தட்டியில் வண்ண வண்ணப் படங்கள் இருந்தன, அங்கேதான் கூட்டம். மாமியார் முகம் வாடியது. "தோத்த கதைக்கு யாரு வருவா, வா, டீ குடிக்கலாம்" என்றார். அப்போது கனத்த கண்ணாடி போட்ட ஒரு மனிதர் போகிறபோக்கில் படித்தார், திரும்பி வந்து மறுபடி படித்தார், சத்தமாகச் சிரித்தார்.

"எங்க வார்டுல 'காபி ரெடி'ம்பாங்க. நான் ரொம்ப நாளா எனக்குத்தான் காபி போடறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள்கூட வந்ததில்ல."

அவர் சிரித்த சத்தத்துக்கு இன்னொரு அம்மாள் வந்தார். அவர் வார்டில் யாராவது ஒருத்தி ஒரு குறிப்பிட்ட பாட்டை முணுமுணுப்பாளாம். இவருக்கும் அந்தப் பாட்டு பிடித்துப்போய் வீட்டில் பாடிக்கொண்டிருந்தாராம். சற்று நேரத்தில் தட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரும் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. அவரவர் வார்டு அவரவருக்கு வைத்த பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள்.

"எனக்கு என்ன பேருன்னு இதுவரைக்கும் தெரியலையே. எங்க எண்ணிக்கையும் ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்" என்று மாமியார் பக்கத்தில் நின்றவளின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவ வந்து சொன்னா."

அதற்கப்புறம் நடந்ததை, கேலியாகக் கத்தப் போய்க் கை சுத்தமான கதையை, மருமகள் வாயால்தான் சொன்னாள். சுருக்கத்தில் இல்லாததைச் சுவரொட்டியில் சேர்க்க மாமியார் விடவில்லை. காய்ச்சல் குறைந்ததா என்று ஒருவர் கேட்டார். "குறைஞ்ச மாதிரி இருக்கு. அதுனாலதானான்னு இன்னும் எண்ணிப் பாக்கணும். இந்தத் தடவை அவசரப்பட மாட்டோம்" என்றார் மாமியார்.

அடுத்த வருஷத்துக்கான சுருக்கத்தை மருமகள் எழுதினாள். அவள் பெயர் முதலில் வந்தது. அதற்குள் மாமியார் ஓய்வு பெற்றுவிட்டார். தங்களோடேயே இருக்கும்படி மகனும் மருமகளும் சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டு மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கடைசித் தங்கையும் தனியாக இருந்தாள்.

இப்போது அவர் மகன் வீட்டுக்குப் பின் தெருவில் அந்தத் தங்கை வீட்டில், கீழ்த்தளத்தில் இருக்கிறார். வார்டில் மட்டும் இன்றைக்கும் சைரன் குரல் விடுகிறார்: "சிஸ்டர், உங்க மாமியார் வர்றாங்க!"